மாத்திரையா, பேட்சா? சித்தப்பாவின் வலிக்கணக்கு

மும்பை சயான் கோலிவாடாவில் எங்கள் சித்தப்பாவுக்கு மார்ஃபின் எழுதிக் கொடுத்த அன்று, பக்கத்து வீட்டு மாமி சித்தியின் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்போ கடைசிக் கட்டமாடி?" என்று கேட்டார். இல்லை. வாய்ப் புற்றுநோய்தான், வலி கடுமைதான். ஆனால் மார்ஃபின் கொடுப்பது வலியின் அளவைப் பார்த்து, மிச்ச நாளை எண்ணி அல்ல.

அதற்குமுன் டிராமடால் என்ற வலி மாத்திரையில் ஓட்டிக்கொண்டிருந்தோம். மிதமான வலிக்கு அது சரி. ஆனால் நாளைக்கு 400 மி.கி.யைத் தாண்டக் கூடாது. தாண்டினால் வலி பெரிதாகக் குறையாது, வலிப்பு வரும் ஆபத்துதான் கூடும். மனச்சோர்வு மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும், இரண்டும் ஒத்துப்போகாமல் போகலாம். 'லேசான மருந்து' என்ற பெயரை நம்பி அதையே பிடித்துத் தொங்கியதில் சித்தப்பாவுக்குப் பல ராத்தூக்கம் போனது.

மார்ஃபின் மாத்திரையின் பலமே அதைக் கூட்டிக் குறைக்க முடிவதுதான். அரை மணியில் பிடிக்கும், நான்கு மணி நேரம் நிற்கும். காலை 6, 10, மதியம் 2, மாலை 6 என்று பத்துப் பத்து மி.கி., இரவு 10 மணிக்கு இருபது. அந்த இரட்டை டோஸ், நடுராத்திரி இரண்டு மணிக்கு எழுப்பாமல் இருக்க. இடையில் வலி குத்தினால் இன்னொரு பத்து, அதாவது நாள் மொத்தத்தில் ஆறில் ஒரு பங்கு. அப்படிக் கொடுத்த ஒவ்வொன்றுக்கும் காலண்டர் ஓரத்தில் சித்தி போட்ட கோடுகளை எண்ணித்தான் டாக்டர் அடுத்த அளவை முடிவு செய்தார். விலையும் குறைவு. கிடைப்பதுதான் தொல்லை. தெருமுனை மெடிக்கலில் பெரும்பாலும் இருக்காது. 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தை 2014-இல் திருத்தி நடைமுறையை எளிதாக்கிய பிறகும், அங்கீகாரம் பெற்ற மருத்துவமனையாகப் பார்த்துத்தான் போக வேண்டியிருக்கிறது.

விழுங்குவது கஷ்டமானபோது, தோலில் ஒட்டுகிற ஃபென்டானில் பேட்சுக்கு மாறினோம். சிறுநீரகம் கெட்டவர்களுக்கும் இதுதான் தோது. மார்ஃபினின் கழிவு அவர்கள் உடம்பில் தேங்கிவிடும். மூன்று நாளைக்கு ஒன்று, அலாரம் வேண்டாம், விலை மட்டும் பல மடங்கு. பார்த்தால் சாதா பிளாஸ்திரி மாதிரி இருக்கும். ஆனால் மணிக்கு 25 மைக்ரோகிராம் பேட்ச் ஒன்று, நாளைக்கு 60 முதல் 90 மி.கி. வரையிலான மார்ஃபின் மாத்திரைக்குச் சமம். இதுவரை ஓபியாய்டு, அதாவது மார்ஃபின் வகை வலி மருந்து, எடுக்காதவருக்கு நேராக இதை ஒட்டுவது ஆபத்து. இன்னொன்று, இது மெதுவான வண்டி. ஏறவே 12 மணி நேரத்துக்கு மேல் ஆகும். முதல் நாள் மாத்திரையையும் கூடவே கொடுக்கச் சொன்னது அதனால்தான்.

இறங்குவதும் அப்படித்தான் என்பதை நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டோம். தோள் வலிக்கிறது என்றாரே என்று வெந்நீர்ப் பையை வைத்தது நான்தான். பேட்ச் மேல்கையில் இருந்தது. சூடு பட்டால் மருந்து வேகமாக உள்ளே போகும் என்று தெரியாது. மாலையில் தட்டி எழுப்பினால் முனகல் மட்டும். கண்மணி குண்டூசி முனையளவு, மூச்சு நின்று நின்று வந்தது. பேட்சைப் பிய்த்துவிட்டு டாக்ஸியில் மருத்துவமனைக்கு ஓடினோம். பிய்த்த பிறகும் தோலுக்கடியில் தங்கிய மருந்து இறங்கிக்கொண்டே இருக்கும் என்று மறுநாள்வரை அனுப்பவில்லை. காய்ச்சல் வந்தாலும் இதே கதைதான், உடனே டாக்டருக்குப் போன் போட வேண்டும்.

மே மாத வியர்வையில் பேட்ச் ஓரம் எழும்புவது தனித் தலைவலி. ஒட்டுமுன் சோப்பு போடாமல் வெறும் தண்ணீரால் துடைத்து, நன்றாகக் காய்ந்ததும் அரை நிமிடம் உள்ளங்கையால் அழுத்திப் பிடிப்போம்.

மலச்சிக்கல் எதிலும் உண்டு, பேட்சில் கொஞ்சம் குறைவு. வாந்தியும் மயக்கமும் சில நாளில் பழகிவிடும், இது பழகாது. பேதி மருந்தை முதல் நாளே சேர்த்துக் கேட்டு வாங்க வேண்டும். வாழைப்பழத்தால் ஆகிற காரியமில்லை.

'அடிமையாகிவிடுவாரோ' என்ற கேள்விக்கு: திடீரென்று நிறுத்தினால் உடம்பு தவிக்கும், ஆகவே படிப்படியாகக் குறைப்பார்கள். அதை அடிமைத்தனம் என்று சொல்ல மாட்டேன். முன்பு குடிப்பழக்கமோ போதைப் பழக்கமோ இருந்தவர் என்றால் மறைக்காமல் சொல்லிவிடுவது நல்லது.

என்னைக் கேட்டால், விழுங்க முடிகிறவரை மாத்திரை. சித்தப்பா இப்போதும் பேட்சில்தான் இருக்கிறார். கழற்றிய பேட்சை, பேரன் கைக்கு எட்டாமல், பசைப்பக்கம் உள்ளே போக மடிக்கிறாள் சித்தி. வெந்நீர்ப் பை பரணுக்குப் போய்விட்டது.