ஃபியட் டேஷ்போர்டில் ஒரு அலுமினியப் பட்டை: சென்னையில் பார்த்த வேலை

சென்னையில் பழைய ஃபியட்டுக்கு இஞ்சின் வேலை பார்க்க ஆள் உண்டு, டிங்கரிங் பார்க்க ஆள் உண்டு. டேஷ்போர்டிலிருந்து கழன்று வந்த ஒரு அலங்காரப் பட்டையை ஒழுங்காகத் திரும்ப மாட்டித் தர ஆள் தேடுவதுதான் பெரும்பாடு. டொராண்டோவிலிருந்து விடுமுறைக்கு வந்தபோது அப்பாவின் ஃபியட் 1100 டி காரில் பாக்கி இருந்தது அந்த ஒரு வேலைதான். இஞ்சின், பிரேக் எல்லாம் தம்பி ஏற்கெனவே பார்த்து வைத்திருந்தான்.

1964-இல் இங்கே வந்த இந்த மாடல், பின்னாளில் பத்மினி என்ற பேரில் ஏறக்குறைய 2000 வரைக்கும் தயாரானது. அதனால் ஓடுவதற்கு வேண்டிய சாமான் இன்னும் கிடைக்கிறது. அழகுக்கு வேண்டிய சாமான்தான் இல்லை. பட்டை இருந்தால் அதைப் பின்னாலிருந்து பிடித்துக்கொள்ளும் கிளிப் இருக்காது. கிளிப் இருந்தால் அது வேறு வண்டியுடையது.

முதலில் போனது கார் அலங்காரச் சாமான் விற்கும் கடை. பையன் பட்டையைப் பார்த்தான், சட்டைப் பையிலிருந்து சின்ன ட்யூப் பசையை எடுத்தான். "ரெண்டு நிமிஷம் சார்!" வேண்டாம் என்று தடுத்தேன். ஏற்கெனவே எவரோ அப்படி ஒட்டியதால் வந்த வினைதான் இது. பட்டையின் ஓரமெல்லாம் அந்தப் பசை விட்ட வெள்ளைப் படலம், நடுவில் வில் மாதிரி ஒரு மேடு. அப்படியானால் டேஷ்போர்டு முழுக்க மரக் கலர் ஷீட் ஒட்டிவிடலாம் என்று அடுத்த யோசனை சொன்னான். நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பினோம்.

அந்த மேட்டுக்குக் காரணம் வெயில். சூடானால் அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு நீளும். ஒரு மீட்டர் பட்டை 40 டிகிரி கூடுதலாகச் சூடேறினால், பின்னால் இருக்கும் இரும்புத் தகட்டைவிட அரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக முந்திப் போகிறது. கண்ணாடியை ஏற்றிவிட்டு மே மாத வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் அந்த 40 டிகிரி சர்வ சாதாரணம். இறுகிக் காயும் பசைக்கு இந்த நெளிவு ஆகாது. ஒன்று விரிசல் விடும், இல்லை பட்டை புடைத்துக்கொள்ளும். கம்பெனிக்காரன் கிளிப் வைத்ததே பட்டை தன் இஷ்டத்துக்கு நகரட்டும் என்றுதான்.

அப்புறம் தம்பி தனக்குத் தெரிந்த ஒரு வயதான டிங்கரிடம் கூட்டிப் போனான். புதுப்பேட்டைக்கு அருகில் ஒரு சந்துக்குள் பட்டறை. முதலில் அவர் பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றினார். டேஷ்போர்டுக்குப் பின்னால் கையை விடும் முன் இதைச் செய்கிற ஆளை நம்பலாம் என்பது என் கட்சி. பசை பிடித்திருந்த இடத்தில் ஹேர் டிரையரைக் காட்டி, தூண்டில் நரம்பைப் பட்டைக்கும் தகட்டுக்கும் நடுவே விட்டு ரம்பம் போல இழுத்தார். பெயிண்டில் ஒரு கீறல் இல்லை. "தின்னர் போட்டுத் துடைச்சுடலாமா அண்ணே?" என்று தம்பி கேட்டதற்கு, "பசை போறதுக்கு முன்னாடி பெயிண்ட் போயிடும்பா" என்று சிரித்தார். மிச்சத்தை விரல் நகத்தாலும் மருந்துக்கடை ஸ்பிரிட்டாலும் எடுத்தார்.

கிளிப்புக்குப் புதுப்பேட்டையில் அலைந்தோம். பழைய சாமான் கடை பாய் ஒரு சாக்கையே அவிழ்த்துக் கொட்டினார். அத்தனையும் கிளிப், ஒன்றுகூட எங்கள் பட்டையின் மடிப்புக்குள் உட்காரவில்லை. பாய் காசு கேட்கவில்லை, டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார். கடைசியில் டிங்கரே பித்தளைத் தகட்டைச் சின்னச் சின்னதாக வெட்டி, நடுவில் மெல்லிய ஸ்க்ரூவை நிறுத்திப் பற்றவைத்துக் கிளிப் செய்தார். ஒவ்வொன்றையும் மடிப்புக்குள் நுழைத்துப் பார்த்து, அரத்தால் ஒரு இழுப்பு இழுத்து, மறுபடி நுழைத்தார். பித்தளையும் அலுமினியமும் உப்புக் காற்றில் நேராகத் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் வெள்ளை வெள்ளையாய்ப் பூத்துவிடும். நான் அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் வார்னிஷ் டப்பாவைத் திறந்திருந்தார்.

மாட்டும்போது நடுக் கிளிப்பின் நட்டை மட்டும் இறுக்கினார். மற்றதெல்லாம் நைலான் வாஷர் போட்டுக் கையால் முடுக்கியதோடு சரி. ஸ்க்ரூவின் நீட்டிக்கொண்டிருந்த முனைகளை ஸ்பீடோமீட்டர் ஒயரில் படாதபடி கத்தரித்துவிட்டார். பட்டையை விரலால் தள்ளினால் ஒரு நூல் அளவு நகர்ந்து நிற்கிறது. அதுதான் வேண்டியது.

குறை என்றால் நேரம்தான். "நாளைக்கு வாங்க" என்பது எந்த நாளைக்கு என்று அவருக்கே தெரியாது. போன் எடுக்க மாட்டார், நேரில் போனால்தான் வேலை நகரும். பத்து நாள் லீவில் வருகிறவர்கள் வந்து இறங்கிய கையோடு வண்டியைப் பட்டறையில் விட்டுவிடுவது நல்லது. பட்டையின் பின்பக்கத்தைப் போட்டோ எடுத்து முன்கூட்டியே அனுப்பினால் அலைச்சல் பாதியாகக் குறையும். கூலியை அவர் பித்தளைக்கும் ஸ்க்ரூவுக்கும் கணக்குப் போட்டே சொன்னார், கை வேலையைக் கணக்கில் சேர்க்கவே இல்லை. நாங்களாகத்தான் கூட்டிக் கொடுத்தோம்.

கிளவ் பாக்ஸ் மூடியின் குட்டிப் பட்டை பாக்கி. அதற்குப் பின்னால் ஓட்டையே கிடையாது, இரண்டு பக்கமும் ஒட்டும் டேப்தான் வழி. மூடிக்கு அடித்த புது பெயிண்ட் நன்றாக இறுகிய பிறகே டேப் போட வேண்டும், இல்லாவிட்டால் பெயிண்டோடு உரிந்து வரும் என்றார் டிங்கர். டேப்பைத் தம்பி கையில் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.