ஷீட் கூரை மாற்றப் போகிறவர்கள் கவனத்துக்கு: 1,03,200 ரூபாய் கொடுத்தும் வீடு ஒழுகுகிறது

கூரை போட்டு இருபத்திரண்டு நாள்தான் ஆகிறது. நேற்று முன்தினம் பெய்த மழையில் கூடத்தில் நான்கு இடத்தில், சமையலறையில் இரண்டு இடத்தில் தண்ணீர் சொட்டியது. இதற்குக் கொடுத்தது 1,03,200 ரூபாய். போட்டவர் போனை எடுப்பதில்லை. ஆள் பிடித்துக் கொடுத்த செயலிக்காரர்கள் கை விரித்துவிட்டார்கள். ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை, கெலமங்கலம் பக்கம் சித்திரையில் ஆலங்கட்டி விழுந்து இன்னும் பல வீடுகளில் தார்ப்பாய்தான் கிடக்கிறது. அவர்கள் அடுத்து ஏமாறக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். கவனிக்க வேண்டியதை எல்லாம் கடைசியில் வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் சேதம் என்ன என்று பார்ப்போம், ஏமாற்று அங்கேயே தொடங்கிவிட்டது. வீடு 30 அடி நீளம். இரண்டு பக்கச் சரிவு, ஒவ்வொன்றும் 12 அடி. மேலே பழைய ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்ட் ஷீட், ஒரு பக்கத்துக்கு இரண்டு வரிசையாக 20, மொத்தம் 40. நெல்லிக்காய் அளவு ஆலங்கட்டி கால் மணி நேரம் விழுந்ததில் ஒன்பது ஷீட்டில் ஓட்டை. மீதி 31 நன்றாக இருந்தது. வெயிலும் மழையும் பட்டு வருஷக்கணக்கில் கிடந்த சிமெண்ட் ஷீட்டுக்கு நெகிழ்வு இருக்காது. அடி வாங்கினால் தகரம் போல நசுங்காமல் உடையும். ஓட்டை விழுந்ததைப் பகலில் உள்ளே நின்று அண்ணாந்து பார்த்தாலே வெளிச்சம் காட்டிவிடும். மயிரிழை விரிசலைத்தான் தேட வேண்டும். மேலே தண்ணீர் ஊற்றிப் பத்து நிமிடம் விட்டால் அடிப்பக்கம் கறுப்பாக ஈரக்கோடு தெரியும். கோடு தெரிகிற ஷீட்டை மாற்றினால் போதும்.

அந்த ஒன்பதை மட்டும் மாற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? இப்போது கடையில் விசாரித்ததில் 2 மீட்டர் ஷீட் ஒன்று 850 ரூபாய், ஒன்பதுக்கு 7,650. ஜே போல்ட், தார் வாஷரோடு ஐம்பது எண்ணம், சுமார் 700. இரண்டு ஆள் ஒரு நாள் கூலி 2,600, வண்டி வாடகை 1,000. பன்னிரண்டாயிரத்துக்குள் முடிந்திருக்கும். நடு ஷீட்டை எடுக்கும்போது பக்கத்து ஷீட்டின் போல்ட்டையும் தளர்த்தித் தூக்க வேண்டும், துருப்பிடித்த பழைய போல்ட்டை அறுக்க வேண்டும், பலகை போட்டுத்தான் மேலே நடக்க வேண்டும். அதனால்தான் சில்லறை வேலைக்கு ஆள் வரமாட்டேன் என்கிறார்கள். வருகிறவர்கள் மொத்தத்தையும் மாற்றச் சொல்கிறார்கள்.

ஆள் கிடைத்தது வீட்டு வேலைக்கு ஆள் காட்டும் ஒரு செயலியில். பெயருக்குப் பக்கத்தில் "சரிபார்க்கப்பட்டவர்" என்று பச்சை முத்திரை. ஒரு மணி நேரத்தில் வந்தார். ஏணி வைத்து ஏறி நான்கு ஷீட்டைத் தட்டிப் பார்த்து, "சார், இது எல்லாமே செத்துப்போச்சு. ஒன்பது மாத்துனா அடுத்த மழைக்கு ஒன்பது உடையும். மொத்தமா எடுத்துட்டுக் கலர் ஷீட் போட்டுடுங்க" என்றார்.

நம்பிக்கை வந்த இடத்தையும் சொல்லிவிடுகிறேன். பையிலிருந்து உள்ளங்கை அகலத்துக்கு ஒரு நீலத் துண்டை எடுத்துக் கையில் கொடுத்தார். பின்புறம் கம்பெனி பெயர், 0.50 எம்எம் என்ற அச்சு, பூச்சின் கிராம் கணக்கு எல்லாம் இருந்தது. "இதேதான் வரும், நீங்களே வெச்சுக்குங்க சார்" என்றார். ஸ்க்ரூ கேஜ் வைத்துப் பார்த்தால் சரியாக 0.50. மாதிரியைக் கையிலேயே விட்டுப் போகிறவன் வேறு சரக்கை இறக்க மாட்டான் என்று நினைத்ததுதான் பிழை. மேற்கே வானம் வேறு கறுத்துக்கொண்டிருந்தது. அன்றைக்கே முன்பணம் யூபிஐயில் போனது.

அவர் கொடுத்தது வெள்ளைத்தாள் கணக்கு: ஷீட் 840 சதுர அடி, அடிக்கு 110, ஆக 92,400. முகட்டுத் தகடு 32 அடி, அடிக்கு 150, ஆக 4,800. பழைய ஷீட் இறக்கி அப்புறப்படுத்த 6,000. மொத்தம் 1,03,200 ரூபாய். பில் கேட்டதற்கு, "பில் போட்டா 18 பர்சென்ட் ஜிஎஸ்டி சேரும் சார், உங்களுக்கு எதுக்கு வீண் செலவு" என்றார்.

840 என்ற எண்ணைப் பாருங்கள். பக்கவாட்டில் ஓர் ஓர் அடி நீட்டலோடு கூரை நீளம் 32 அடி. 32 பெருக்கல் 12, இரண்டு பக்கத்துக்கு 768 சதுர அடி. 840 எங்கிருந்து வந்தது? ஷீட்டின் முழு அகலம் மூன்றரை அடி. ஒன்றின் மேல் ஒன்று ஏறிய பிறகு அது மூடுவது ஒரு மீட்டர், அதாவது மூன்றேகால் அடி. பக்கத்துக்குப் பத்து, மொத்தம் 20 ஷீட். ஏறி மறைகிற பகுதிக்கும் வெட்டி மிஞ்சுகிற பகுதிக்கும் சேர்த்துப் பணம் வாங்கிவிட்டார். கடையில் ஷீட் வாங்கினால் முழு அகலத்துக்குத்தான் விலை, அது நியாயம். ஆனால் கூலியோடு சேர்த்துச் சதுர அடி ரேட் பேசும்போது கூரை அளவா, ஷீட் அளவா என்று கேட்டுவிட வேண்டும். கேட்காததால் 72 சதுர அடி, 7,920 ரூபாய்.

சரக்கு இரவு எட்டரைக்கு வந்தது. அவசர அவசரமாக இறக்கி, விடிவதற்குள் மேலே ஏற்றத் தொடங்கிவிட்டார்கள். மிஞ்சிய ஒரு முழு ஷீட்டை வேலை முடிந்த பிறகு திருப்பிப் பார்த்தால் பின்புறம் வெறும் வெள்ளை. ஓர் எழுத்து அச்சு இல்லை. ஸ்க்ரூ கேஜ் காட்டியது 0.35.

இதைக் கருவி இல்லாமலும் பிடிக்கலாம். கலர் ஷீட் பெரும்பாலும் 1.22 மீட்டர் அகலச் சுருளிலிருந்து உருட்டி வருவது. 12 அடி என்றால் 3.66 மீட்டர். இரும்பு ஒரு சதுர மீட்டருக்கு ஒரு மில்லிமீட்டர் கனத்தில் 7.85 கிலோ. 0.50 எம்எம் ஷீட் ஒன்று ஏறத்தாழ பதினேழரைக் கிலோ இருக்க வேண்டும். சிலர் பெயிண்ட்டையும் பூச்சையும் சேர்த்து 0.50 என்பார்கள், சிலர் உள்ளே இருக்கும் இரும்பை மட்டும் சொல்வார்கள். முன்னது டிசிடி, பின்னது பிஎம்டி. டிசிடி கணக்கே என்றாலும் பதினாறு கிலோவுக்குக் குறையக் காரணம் இல்லை. அந்த மிச்ச ஷீட்டைப் பழைய இரும்புக் கடைத் தராசில் வைத்தபோது 12 கிலோ. ஷீட்டுக்கு நாலைந்து கிலோ. இருபது ஷீட்டுக்கு எண்பதிலிருந்து நூறு கிலோ இரும்பு கூரைக்கு வரவே இல்லை, பணம் மட்டும் போயிருக்கிறது.

கனம் குறைந்தால் என்ன ஆகும் என்பவர்களுக்கு: கீழே ஷீட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டங்களின் (பர்லின்) இடைவெளி நான்கு அடி. 0.50 அதைத் தாங்கும். 0.35 நடுவில் ஆள் மிதித்தாலே பள்ளம் விழும், பள்ளத்தில் தண்ணீர் நிற்கும். அடுத்த ஆலங்கட்டிக்கு உடையாது, ஆனால் அம்மைத் தழும்பு போலக் குழி விழும், குழியில் பெயிண்ட் வெடிக்கும். காற்றில் ஷீட் படபடவென்று அடிக்கும், அடிக்க அடிக்க ஸ்க்ரூ ஓட்டை அகலும். ஒழுக்கு அங்கிருந்துதான் வருகிறது.

ஸ்க்ரூவிலும் கஞ்சத்தனம். இந்த ஷீட்டுக்கு ஒரு மீட்டரில் ஐந்து மேடு. முகட்டுப் பர்லினிலும் கீழ்விளிம்புப் பர்லினிலும் மேட்டுக்கு ஒன்று, நடு இரண்டில் ஒரு மேடு விட்டு ஒரு மேடு என்றால் ஷீட்டுக்கு 16, வீட்டுக்கு 320. எண்ணிப் பார்த்தால் ஷீட்டுக்கு எட்டுதான். இரண்டு ஷீட் சேர்கிற பக்க விளிம்பில் ஒன்றரை அடிக்கு ஒரு தையல் ஸ்க்ரூ போட வேண்டும், ஒன்றுகூட இல்லை. வாஷர் வெயில் தாங்கும் ஈபிடிஎம் ரப்பராக இருந்திருக்க வேண்டும், வந்தது சாதா பிளாஸ்டிக். டிரில்லை நிறுத்தும் இடம் தெரியாமல் ஓட்டியதில் பல வாஷர் பிதுங்கிக் கிழிந்திருக்கிறது. சில ஸ்க்ரூ சாய்ந்தே இறங்கியிருக்கிறது. முகட்டுத் தகட்டுக்கு அடியில், மேட்டுக்கு மேடு இருக்கும் இடைவெளியை அடைக்கும் நுரைப் பட்டை இல்லை. சாரல் அடித்தால் நேராக உள்ளே.

ஷீட்டைக் கத்திரியால் வெட்டாமல் கிரைண்டரால் அறுத்தார்கள். அந்தச் சூட்டில் விளிம்பின் துத்தநாகப் பூச்சு கருகிவிடும், பறக்கும் பொறி பெயிண்ட்டில் ஒட்டிக்கொள்ளும். டிரில் துகளையும் கூட்டவில்லை. இரண்டு வாரத்தில் நீல ஷீட் முழுக்க மிளகு தூவியது போலத் துருப்புள்ளி.

பழைய ஷீட் விஷயம் தனிக் கொதிப்பு. உடைந்த ஒன்பதையும் உலர்ந்தபடியே சுத்தியலால் தட்டி நொறுக்கி வாசலில் போட்டார்கள். ஆஸ்பெஸ்டாஸ் தூசி நுரையீரலுக்கு எமன். நனைத்து, முழுசாக இறக்க வேண்டிய சாமான் அது. நன்றாக இருந்த 31 ஷீட்டையோ ஒரு கீறல் விழாமல் இறக்கி, வண்டியில் அடுக்கிக் கயிறு கட்டிக் கொண்டுபோனார்கள். அப்புறப்படுத்த 6,000 ரூபாய் கொடுத்து, விலை போகிற ஷீட்டையும் ஏற்றிவிட்டிருக்கிறோம். பழைய ஷீட்டுக்கு மாட்டுக் கொட்டகைக்காரர்கள் வரிசையில் நிற்கிறார்கள், யாருக்குத் தெரியாது?

முதல் ஒழுக்குக்குப் போன் செய்தபோது, "புது ஷீட் செட் ஆக ரெண்டு மழை ஆகும் சார்" என்றார். ஷீட் என்ன சிமெண்ட்டா, செட் ஆவதற்கு? இரண்டாவது முறை ஒரு பையனை அனுப்பினார். அவன் ஸ்க்ரூ தலை ஒவ்வொன்றிலும் சிலிக்கான் அப்பிவிட்டுப் போனான். வீடெல்லாம் காடி வாசம். காடி வாசம் அடிக்கிற சிலிக்கான் காயும்போது அமிலம் விடும், அது துத்தநாகத்தை அரிக்கும். உலோகக் கூரைக்கு நியூட்ரல் வகைதான் அடிக்க வேண்டும். ஒழுக்கை நிறுத்த வந்தவன் துருவுக்கு வழி செய்துவிட்டுப் போனான். மூன்றாவது முறை கனத்தைப் பற்றிக் கேட்டவுடன், "ஷீட் கடைக்காரன் ஏமாத்திருப்பான் சார், நான் என்ன பண்றது" என்றார். எந்தக் கடை என்றால் பதில் இல்லை. அதன் பிறகு போன் போவதே இல்லை.

செயலியில் புகார் கொடுத்தால் முதலில் இயந்திரப் பதில். மூன்று நாள் கழித்து ஒரு பெண் பேசினார்: "சார், நாங்க இணைச்சு வைக்கிறது மட்டும்தான், பேமெண்ட் எங்க மூலமா போகலையே." அப்படியானால் அந்தப் பச்சை முத்திரை எதைச் சரிபார்த்தது? ஆதார் அட்டையையாம். மறுநாள் "தீர்க்கப்பட்டது" என்று புகாரை மூடிவிட்டார்கள். 1,03,200 ரூபாய் போய், தீர்ந்தது எது என்று இன்றுவரை தெரியவில்லை. அந்த ஆளின் பெயரும் முத்திரையும் அப்படியே இருக்கிறது. நேற்றும் யாரோ ஐந்து நட்சத்திரம் போட்டிருக்கிறார்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்தாகிவிட்டது. அடுத்தது கிருஷ்ணகிரி மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் மனுக் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். வெள்ளைத்தாள் கணக்கு, யூபிஐ விவரம், தராசில் ஷீட் இருக்கும் படம், அந்த மாதிரித் துண்டு எல்லாம் பத்திரமாக இருக்கிறது. பில் இருந்திருந்தால் பாதி வேலை முடிந்திருக்கும்.

வரிசையாகச் சொல்கிறேன் என்றேன், மறுபடி தூறல் போடுகிறது, தார்ப்பாய் இழுக்க வேண்டும். முக்கியமானதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். பகலில் மட்டும் சரக்கு இறக்க விடுங்கள். ஒவ்வொரு ஷீட்டின் பின்புற அச்சையும் பாருங்கள், ஒன்றையாவது எடை போடுங்கள். 18 சதவீதம் போனாலும் பில் வாங்குங்கள், அதில் கனத்தை டிசிடியா பிஎம்டியா என்று எழுதச் சொல்லுங்கள். பழைய ஷீட்டை எண்ணி உங்கள் இடத்திலேயே அடுக்கி வையுங்கள். வேலை முடிந்ததும் மழைக்குக் காத்திருக்காமல் ஹோஸ் பைப்பைக் கீழ்விளிம்பில் தொடங்கி மேலே மேலே நகர்த்தி, இடத்துக்குப் பத்து நிமிடம் தண்ணீர் விட்டு, உள்ளே ஒருவர் நின்று பாருங்கள். அதுவரை முழுப் பணத்தையும் கொடுக்காதீர்கள். பத்தாயிரமாவது பிடித்து வைத்திருந்தால் அந்த ஆள் இன்றைக்கும் போனை எடுத்துக்கொண்டிருப்பார்.