வேகத்துக்குக் குதிப்பா, பஸ்கியா, டயரா?

பள்ளி மைதானத்தில் 100 மீட்டர் ஓடும் பிள்ளைகளுக்கு வேகம் கூட்ட, பயிற்சியாளர்கள் பெரும்பாலும் மூன்றில் ஒன்றைக் கையில் எடுக்கிறார்கள். ஒன்று, பிளையோமெட்ரிக் எனப்படும் குதிப்புப் பயிற்சி. இன்னொன்று, பஸ்கியில் தொடங்கி பார்பெல் வரை போகும் எடைப்பயிற்சி. மூன்றாவது, இடுப்பில் கயிறு கட்டி டயர் இழுத்து ஓடுவது. மூன்றுமே வேகம் தரும். ஆனால் ஓட்டத்தின் எந்தப் பகுதிக்கு, எந்த வளர்ச்சிக் கட்டத்தில் என்று கேட்டால் பதில் மாறிவிடும்.

தேர்ந்த ஓட்டக்காரர் முழு வேகத்தில் போகும்போது, ஒவ்வொரு அடியிலும் பாதம் தரையில் இருப்பது ஏறக்குறைய 0.1 நொடிதான். தசை தன் முழு பலத்தையும் திரட்ட இந்த நேரம் போதாது. அதனால்தான் நிறைய எடை தூக்கும் பையன் கடைசி 40 மீட்டரில் பின்தங்குவதைப் பார்க்கிறோம். பாதம் பட்டதும் குதிகால் நாண் ரப்பர்போல் இழுபட்டு, உடனே சுருங்கி உடம்பை முன்னே தள்ள வேண்டும். குதிப்புப் பயிற்சி பழக்குவது இந்தத் துள்ளலைத்தான். பாண்டி ஆட்டத்திலும் கயிறு தாண்டுவதிலும் பிள்ளைகள் தெரியாமலே செய்வது இதே வேலை.

ஆனால் எல்லாக் குதிப்பும் ஒன்றல்ல. உயரமான பெட்டிமேல் தாவி ஏறுவது பார்க்கப் பிரமாதமாக இருக்கும். அதில் தரையோடு விரைவான துள்ளல் கிடையாது. முழங்காலை அதிகம் மடக்காமல், கணுக்காலால் தட்டித் தட்டிக் குதிக்கும் சின்னக் குதிப்புகள் ஓட்டத்துக்கு அதைவிட நெருக்கமானவை. இரண்டில் ஒன்றைத்தான் செய்ய நேரமிருந்தால் பெட்டியை ஓரமாக வைத்துவிடலாம்.

டயர் இழுப்பது உதவுவது தொடக்கத்தில். முதல் 10, 20 மீட்டரில் பாதம் தரையில் கூடுதல் நேரம் இருக்கும், உடம்பு முன்னே சாய்ந்திருக்கும். அங்கே பின்னோக்கி உதைக்கும் பலம் தேவை. அதைத் தாண்டிய தூரத்துக்கு டயர் பெரிதாக எதுவும் தருவதில்லை.

குதிப்புக்கும் எடைக்கும் இடையிலான வழக்கில் எனக்கு மிகவும் உதவியது, ரோட்ரி லாய்டும் சக ஆய்வாளர்களும் 2016இல் வெளியிட்ட ஆய்வு. பள்ளிச் சிறுவர்களை, சட்டென உயரம் கூடும் பருவத்துக்கு முன், பின் என்று பிரித்து, 6 வாரம் வெவ்வேறு பயிற்சி கொடுத்தார்கள். உயரம் கூடுவதற்கு முன்னிருந்த சிறுவர்களுக்குக் குதிப்பு மட்டுமே அதிகப் பலன் தந்தது. அந்தப் பருவம் தாண்டியவர்களுக்கு எடையும் குதிப்பும் சேர்ந்த பயிற்சி முந்தியது. இதில் வியப்பில்லை. சின்ன வயதில் முன்னேற்றம் பெரும்பாலும் நரம்பு மண்டலத்தின் வழியாக வருகிறது. தசை பருப்பது பருவமடைந்த பிறகுதான்.

அந்தப் பருவம் பெண்பிள்ளைகளுக்குச் சராசரியாக 12 வயதிலும் ஆண்பிள்ளைகளுக்கு 14 வயதிலும் உச்சத்தைத் தொடுகிறது. பிள்ளைக்குப் பிள்ளை இது வெகுவாக மாறும். 14 வயதுக்குட்பட்டோர் பந்தயத்தில் பக்கத்துப் பக்கத்து லேனில் நிற்கும் இருவர், உடம்பளவில் வேறு வேறு வயதினராக இருக்கலாம். அதனால் பிறந்த தேதியைப் பார்த்துப் பயிற்சி பிரிப்பதை நான் ஏற்கவில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை சுவரோரம் நிறுத்தி உயரத்தைக் குறித்துவைத்தால் போதும், யார் எந்தக் கட்டத்தில் இருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். எடை தூக்கினால் பிள்ளை குட்டையாகிவிடும் என்ற பயத்தையும் விட்டுவிடலாம். தகுந்த மேற்பார்வையில் செய்யும் எடைப்பயிற்சி வளர்ச்சியைத் தடுப்பதாகச் சான்று இல்லை.

காயத் தடுப்புக்கு வந்தால் போட்டி வேறுமாதிரி ஆகிறது. முழங்காலுக்குக் குதிப்புப் பயிற்சி நல்ல கவசம், அதுவும் இறங்கும் முறையைச் சொல்லிக் கொடுத்தால். அமெரிக்க உயர்நிலைப் பள்ளி மாணவியரை வைத்து டிமோதி ஹியூவெட் குழு 1999இல் வெளியிட்ட ஆய்வில், குதித்து இறங்கப் பயிற்சி பெறாத பெண்களுக்கு, பெற்றவர்களைவிட 3.6 மடங்கு அதிகமாக முழங்கால் காயம் ஏற்பட்டிருந்தது. இறங்கும்போது முழங்கால்கள் உள்நோக்கிச் சரிகின்றனவா, சத்தம் பலமாகக் கேட்கிறதா என்று பார்ப்பதே பயிற்சியாளரின் முதல் வேலை.

ஆனால் வேக ஓட்டக்காரரை அதிகம் படுக்கவைப்பது பின்தொடைத் தசை. அங்கே குதிப்பைவிட நார்டிக் பயிற்சியையே நம்புகிறேன்: மண்டியிட்டு, ஒருவர் கணுக்காலைப் பிடித்துக்கொள்ள, உடம்பை நேராக வைத்து மெல்ல முன்னால் சாய்வது. இதைச் சேர்த்த திட்டங்களில் பின்தொடைக் காயம் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்ததாக 2019இல் வந்த தொகுப்பாய்வு காட்டியது. அதற்குக் கருவியே தேவையில்லை. அப்படியிருந்தும் நம் மைதானங்களில் இதைக் காண்பது அரிது என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

உயரத்திலிருந்து குதித்து, பட்டவுடன் மறுபடி எழும்பும் பயிற்சியை 1960களில் சோவியத் பயிற்சியாளர் யூரி வெர்கோஷான்ஸ்கி வடிவமைத்தது, ஏற்கெனவே பலம் சேர்த்த வீரர்களுக்காக. அதை வீடியோவில் பார்த்து 12 வயதுப் பிள்ளையைச் செய்யச் சொல்வது தவறு. தொடங்குபவர்களுக்கு வாரம் இரண்டு நாள், இடையில் 48 மணி நேர இடைவெளி, ஒரு நாளைக்கு 60 முதல் 80 முறை பாதம் தரையைத் தொடுவது தாராளம். புல்லிலோ மண்ணிலோ செய்யட்டும், சிமென்ட்டில் வேண்டாம். உடம்பைச் சூடாக்கியதும் செய்யட்டும். ஓடிக் களைத்த பிறகு கடைசியில் வைத்தால் இறங்கும் முறை கெட்டுவிடும்.

உயரம் வேகமாகக் கூடும் மாதங்களில் முழங்கால் சில்லுக்குக் கீழேயோ குதிகாலிலோ வலி என்று பிள்ளை சொன்னால் சாக்கு என்று எண்ண வேண்டாம். எலும்பின் வளரும் பகுதியை நாண் இழுப்பதால் வரும் வலி அது. அப்போது குதிப்பை நிறுத்தி, வலிக்காத அளவில் பலப் பயிற்சியை மட்டும் தொடரலாம். வலி தணியவில்லை என்றால் எலும்பு மருத்துவரிடம் காட்ட வேண்டும்.