கல்ச்சரில் கிருமி இல்லை, வலி மட்டும் போகவில்லை: வட சென்னையில் சிறுநீர்ப்பை வலிக்கு வைத்தியம் தேடிய அனுபவம்

டொராண்டோவிலிருந்து ஊருக்கு வந்த இந்த விடுமுறையின் பெரும்பகுதி, தண்டையார்பேட்டையில் வசிக்கும் அக்காவின் நெடுநாள் சிறுநீர்ப்பை வலிக்கு வைத்தியம் தேடுவதிலேயே கழிந்தது. இதே தொல்லையோடு இப்பகுதியில் பல பெண்கள் வெளியே சொல்லாமல் இருக்கிறார்கள் என்பதால், நாங்கள் பார்த்ததை எழுதுகிறேன்.

சிறுநீர்ப்பை நிறைய நிறைய அக்காவுக்கு அடிவயிற்றில் வலி ஏறும். கழித்தபின் சற்றுத் தணியும். இரவில் தூக்கமே இராது. வீட்டருகே ஒரு கிளினிக்கில் இதை ஒவ்வொரு முறையும் யூரின் இன்ஃபெக்‌ஷன் என்று சொல்லி, சிறுநீரில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர் சோதனை எடுக்காமலேயே ஆன்டிபயாடிக்கை மாற்றி மாற்றிக் கொடுத்திருந்தார்கள். எனவே முதலில் கல்ச்சர் எடுத்தோம். வண்ணாரப்பேட்டையில் லேப்களுக்குக் குறைவில்லை. சில நாட்களில் முடிவு வாட்ஸ்அப்பிலேயே வந்தது. கிருமி எதுவும் வளரவில்லை.

அந்த அறிக்கையோடு ஸ்டான்லி மருத்துவமனையின் சிறுநீரியல் (யூராலஜி) பிரிவில் ஓ.பி. சீட்டு எடுத்தோம். வரிசை நீளமானது, ஆனாலும் மருத்துவர் பொறுமையாக விசாரித்தார். சிறுநீரில் சீழணுக்கள் இருந்தும் கல்ச்சரில் கிருமி வளராவிட்டால் காசநோயையும் சந்தேகிக்க வேண்டும் என்று விளக்கி, அடுத்தடுத்து மூன்று நாள் விடியற்காலைச் சிறுநீரைச் சோதிக்கச் சொன்னார். நம் ஊரில் இந்தச் சோதனையைத் தவிர்க்கவே கூடாது என்பது என் கருத்து. காசநோய் இல்லை என்றானது. குழாய்க் கேமராவால் சிறுநீர்ப்பைக்குள் பார்க்கும் சிஸ்டோஸ்கோப்பியில், இவ்வகை வலி உள்ள சிலருக்கு அதன் உட்சுவரில் காணப்படும் ஹன்னர் புண்ணும் தென்படவில்லை. தொற்றோ வேறு காரணமோ இல்லாமல் ஆறு வாரங்களுக்கு மேல் நீடிக்கும் சிறுநீர்ப்பை வலி என்ற வரையறைக்குள் அக்காவின் நோய் வந்தது. இதற்குச் சிறுநீர்ப்பை வலி நோய் (இன்டர்ஸ்டிஷியல் சிஸ்டைட்டிஸ்) என்று பெயர்.

மருந்துகளைப் பொறுத்தவரை, இந்நோய்க்கான பென்டோசான் என்ற மருந்து 1996இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஆனால் நெடுங்காலம் உட்கொண்ட சிலருக்கு விழித்திரை பாதிக்கப்படுவது 2018இல் தெரியவந்ததால், கண் பரிசோதனை இல்லாமல் அதைத் தொடங்க வேண்டாம் என்று முடிவு செய்தோம். அக்காவுக்கு எழுதிக் கொடுக்கப்பட்டது, நரம்பு வலிக்கும் தரப்படும் அமிட்ரிப்டிலின் என்ற மாத்திரை. விலை குறைவு, எந்த மெடிக்கல் ஷாப்பிலும் கிடைக்கிறது. 271 பேரிடம் இதைச் சோதித்த 2010ஆம் ஆண்டு ஆய்வில், மருந்துப்போலிக்கும் (மருந்தில்லாத போலி மாத்திரை) இதற்கும் மொத்தத்தில் உறுதியான வேறுபாடு இல்லை. ஆனால் நாளுக்கு 50 மில்லிகிராம் அளவையாவது எட்ட முடிந்தவர்களில் 66 சதவீதத்தினர் பலன் கண்டார்கள், மருந்துப்போலியில் 47 சதவீதத்தினர். சிறு அளவில் தொடங்கி, மயக்கத்தையும் வாய் வறட்சியையும் பார்த்துப் பார்த்து ஏற்றுவதன் காரணம் அதுதான்.

எனக்கு மிகுந்த வருத்தம் தந்தது பிசியோதெரபி நிலைமை. 81 பெண்களை வைத்து 2012இல் வெளியான ஆய்வில், சிறுநீர்ப்பையைக் கீழிருந்து தாங்கும் இடுப்புத்தளத் தசைகளின் இறுக்கத்தைக் கைகளால் தளர்த்தும் சிகிச்சை பெற்றவர்களில் 59 சதவீதத்தினரும், பொதுவான மசாஜ் பெற்றவர்களில் 26 சதவீதத்தினரும் தேறியதாகக் கூறினார்கள். வலியின் அளவெண்களில் இரு தரப்புக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இருந்தும் சோதனையில் இவ்வளவு தேறிய சிகிச்சை இந்நோய்க்கு அரிது. முழங்காலுக்கும் இடுப்பு வலிக்கும் தெருவுக்குத் தெரு பிசியோதெரபி மையம் இருக்கும் தண்டையார்பேட்டையில், இதற்குப் பயிற்சி பெற்ற ஒரு பெண் நிபுணரைக்கூட எங்களால் கண்டுபிடிக்க முடியவில்லை. உள்பரிசோதனை தேவைப்படும் சிகிச்சைக்குத் திரைச்சீலைத் தடுப்பு போதாது, கதவுள்ள அறை வேண்டும். ஒரு மையத்தில் கீகல் பயிற்சி செய்யச் சொன்னார்கள்; ஏற்கெனவே இறுகிய தசையை மேலும் இறுக்கும் அந்தப் பயிற்சியை இந்நோயாளிகள் தவிர்க்க வேண்டும் என்றே அமெரிக்க சிறுநீரியல் சங்கத்தின் வழிகாட்டுதல் சொல்கிறது.

கடைசியில் நகரின் தென்பகுதியில் ஒருவர் கிடைத்தார். அக்கா மெட்ரோவில் போய் வருகிறார். நிலையங்களில் கழிப்பறை இருப்பதால்தான் அவரால் அவ்வளவு தூரம் போக முடிகிறது. பலனைச் சொல்ல இன்னும் காலம் போதாது. எப்போது, எவ்வளவு சிறுநீர் கழித்தார், வலி எப்படி இருந்தது என்பதை ஒரு நோட்டில் எழுதி வருகிறார், அடுத்த ஓ.பி. நாளில் அதை மருத்துவரிடம் காட்டி மாத்திரை அளவைத் தீர்மானிக்க வேண்டும்.