ஸ்விட்ச், ரௌட்டர் வேலைக்கு புட்டி (PuTTY) எப்படி?

ஆறு வருஷமா நெட்வொர்க் வேலை பார்க்கறேன், லேப்டாப்ல முதல்ல ஏத்தறது புட்டிதான், ஸ்விட்ச், ரௌட்டருக்குள்ள போய் கமாண்ட் அடிக்கற சாஃப்ட்வேர் இது. சைமன் டாதம் 1999ல வெளியிட்டது, இன்னைக்கும் ஃப்ரீ, இன்ஸ்டால் பண்ணாம பென்டிரைவ்லயே ஓடும். நெட்வொர்க் வழியா போற எஸ்எஸ்ஹெச், டெல்நெட், கேபிள் மாட்டிப் போற சீரியல் மூணும் ஒரே .exe ஃபைல்ல இருக்கு.

புது சிஸ்கோ ஸ்விட்ச்னா கன்சோல் கேபிள (லேப்டாப்பையும் ஸ்விட்ச்சையும் நேரா இணைக்கறது) மாட்டி விண்டோஸ் டிவைஸ் மேனேஜர்ல அதோட காம் (COM) போர்ட் நம்பர பாத்துட்டு, புட்டில சீரியல்ல அந்த நம்பரும் ஸ்பீடு 9600ம் கொடுத்து ஓபன் பண்ணுங்க, கருப்பு ஸ்க்ரீன் மட்டும் வந்தா பயப்படாதீங்க, என்டர் தட்டுனா ப்ராம்ப்ட் (கமாண்ட் அடிக்கற வரி) வந்துடும். டைப் பண்றது ஏறலன்னா சீரியல் செட்டிங்ல ஃப்ளோ கன்ட்ரோல None-னு மாத்திப் பாருங்க.

குறைன்னா டேப் கிடையாது, பத்து ஸ்விட்ச் தொறந்தா பத்து விண்டோ, அப்போ டேப் இருக்கற மோபாஎக்ஸ்டெர்ம் (MobaXterm) பக்கம் போயிடலாம்னு தோணும். இன்னொண்ணு, ரைட் கிளிக் பண்ணா காப்பி பண்ணி வெச்சது அப்படியே பேஸ்ட் ஆகும், லைவ் ஸ்விட்ச்ல அது ரொம்ப ஆபத்துங்க, செலக்‌ஷன் ஆப்ஷன்ல போய் மெனு வர்ற மாதிரி மாத்திடுங்க. லாகிங்கும் (ஸ்க்ரீன்ல வர்றத ஃபைல்ல சேமிக்கறது) தானா ஆன்ல இருக்காது, செஷன் சேவ் பண்றதுக்கு முன்னாடியே ஆன் பண்ணிக்கோங்க. கன்சோல் வேலைக்கு நான் இத விடமாட்டேன்.