கழுத்துப் பொத்தானா, கைக்கடிகாரமா, சுவர் சென்சாரா: தனியாக வாழும் பெரியவருக்கு எது உதவும்?

அத்தை விழுந்த அன்று அவருடைய உதவிப் பொத்தான் குளியலறைக்கு வெளியே, துண்டு மாட்டும் கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைப்பதுபோல அதையும் கழற்றி மாட்டிவிட்டுக் குளிக்கப் போயிருக்கிறார். அவர் கிடந்த இடத்துக்கும் அந்தக் கொக்கிக்கும் நடுவே நாலடிகூட இருக்காது. கை எட்டவில்லை. ஒன்றரை மணி நேரம் ஈரத்தரையில் கிடந்தார். "தண்ணி பட்டா கெட்டுப்போயிடும்னு நெனச்சேன்பா" என்றார் பிறகு. நனைந்தாலும் ஒன்றும் ஆகாத கருவி அது. பெட்டிமேலேயே அச்சிட்டிருந்தது. அதை அவருக்குப் படித்துச் சொல்ல எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அன்றிலிருந்து பெரியவர்களுக்கான கருவி எதைப் பார்த்தாலும் இரண்டு கேள்விகளைத்தான் முதலில் கேட்கிறேன். ஆபத்து வரும் அந்த நிமிடத்தில் இது அவரோடு இருக்குமா? இது கூப்பிட்டால் யார் வருவார்கள்? மற்ற வசதிகள் எல்லாம் இதற்குப் பிறகுதான்.

எங்கள் வீட்டில் நடந்தது அபூர்வமும் இல்லை. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் 90 வயதைத் தாண்டிய 110 பேரை ஓராண்டு பின்தொடர்ந்த ஆய்வொன்று 2008இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியானது. விழுந்தவர்கள் 66 பேர். அவர்களில் 53 பேர் ஒரு முறையாவது தாமாக எழ முடியாமல் போயிருக்கிறார்கள். 20 பேர் ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ தரையில் கிடந்திருக்கிறார்கள். அழைப்புக் கருவி பலரிடம் இருந்தது. ஆனால் நெடுநேரம் கிடந்த பெரும்பாலான சமயங்களில் யாரும் அதை அழுத்தவில்லை. விழுந்த அடியைவிடக் கிடந்த நேரம் பெரிய கேடு செய்யலாம். உடம்பின் எடையில் நசுங்கிய தசை சிதைந்து, அந்தக் கழிவு இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைப் பாதிக்கும். உடம்பு வறண்டுபோகும், சில்லிட்டுப்போகும், அழுத்தப் புண் வரும்.

கழுத்தில் தொங்கும் பொத்தான்

1970களிலிருந்து புழக்கத்தில் இருக்கும் பழைய ஏற்பாடு இது. பொத்தானை அழுத்தினால் வீட்டில் இருக்கும் பெட்டிக்கு ரேடியோ சமிக்ஞை போகும். பெட்டி சேவை மையத்தையோ பிள்ளைகளையோ அழைக்கும். அதிலிருக்கும் ஸ்பீக்கர் வழியாகப் பேசலாம். இதன் பெரிய பலம் எளிமை. ஒரே பொத்தான், திரை கிடையாது, பேட்டரி மாதக்கணக்கிலோ வருடக்கணக்கிலோ வரும். நடுங்கும் விரலுக்கும் மங்கிய பார்வைக்கும் இதைவிடப் பொருத்தமானது எதுவும் இல்லை.

பலவீனமும் அதே எளிமையில்தான் இருக்கிறது. அணிந்திருக்க வேண்டும், நினைவு இருக்க வேண்டும், அழுத்த மனம் வர வேண்டும். இந்த மூன்றாவதை நாம் கணக்கில் எடுப்பதே இல்லை. "ராத்திரி ரெண்டு மணிக்கு யாரை எழுப்புறது, விடியட்டும்" என்று கிடப்பவர்கள் உண்டு. மயங்கி விழுந்தவரால் அழுத்தவே முடியாது. விழுவதைத் தானே உணரும் பதக்கங்களும் வருகின்றன. ஆனால் கழுத்தில் ஊசலாடும் பொருள் என்பதால் குனிந்தாலும் கட்டிலில் சாய்ந்தாலும் அலறிவிடும். நாலு முறை வீணாக அலறிய கருவி ஐந்தாம் நாள் மேசை இழுப்பறைக்குள் போய்விடும். மாலையாகத் தொங்குவதைவிட மணிக்கட்டுப் பட்டையாகக் கிடைப்பதை வாங்குங்கள். படுக்கும்போது சிக்காது, குளிக்கும்போது கழற்றும் பழக்கமும் குறையும்.

பழைய லேண்ட்லைனை நம்பி நிறுவிய பெட்டி வீட்டில் இருந்தால் உடனே சோதியுங்கள். செப்புக் கம்பித் தொலைபேசி பல நாடுகளில் இணைய இணைப்புக்கு மாறுகிறது. பிரிட்டனில் அந்த மாற்றத்தின்போது சில உதவி அலாரங்கள் வேலை செய்யாமல் போகவே, 2023 டிசம்பரில் கட்டாய மாற்றத்தையே நிறுத்திவைத்தார்கள். செப்புக் கம்பி தொலைபேசி நிலையத்திலிருந்தே மின்சாரத்தைக் கொண்டுவரும். இணைய மோடத்துக்கு வீட்டு மின்சாரம் வேண்டும். கரண்ட் போனால் மாற்று பேட்டரி இல்லாத அலாரமும் ஊமையாகிவிடும்.

ஸ்மார்ட்வாட்ச்

2018இல் ஆப்பிள் வாட்ச் 4ஆம் தலைமுறையில் விழுவதைக் கண்டறியும் வசதி வந்தது. பலமாக விழுந்து, ஏறக்குறைய ஒரு நிமிடம் அசைவே இல்லையென்றால் அது 30 விநாடி எண்ணிவிட்டு அவசர உதவியைத் தானே அழைக்கும். வயதை 55 அல்லது அதற்கு மேல் என்று பதிந்திருந்தால் இந்த வசதி தானாகவே இயங்கும், இல்லாவிட்டால் நாம்தான் இயக்க வேண்டும். வேறு நிறுவனங்களின் கடிகாரங்களிலும் இதே போன்ற வசதி இருக்கிறது. இதில் எனக்குப் பிடித்தது, பார்ப்பதற்குக் கடிகாரமாகவே இருப்பது. "நோயாளி மாதிரி கழுத்துல மணி கட்டி விடாதீங்க" என்று பொத்தானை மறுத்த ஒரு பெரியவர் கடிகாரத்தை ஆசையாகக் கட்டிக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன். வெளியே நடக்கப் போகும்போதும் கூடவே வரும், இருக்கும் இடத்தையும் சொல்லும். இன்னும் வெளியே போய்வரும், போன் பழகிய பெரியவருக்கு என் முதல் தேர்வு இதுதான்.

சிக்கல் சார்ஜில் இருக்கிறது. பல மாதிரிகளுக்குத் தினமும் சார்ஜ் போட வேண்டும். எல்லோரும் போடுவது இரவில். பெரியவர்கள் தூக்கக் கலக்கத்தில், இருட்டில் கழிப்பறைக்கு எழுந்து போவதும் இரவில்தான். ஆக, மிகவும் தேவைப்படும் வேளையில் கடிகாரம் மேசைமேல் இருக்கும். இதற்கு நாங்கள் கண்ட வழி, மாலையில் அவர் நாற்காலியில் உட்கார்ந்து தொலைக்காட்சி பார்க்கும் ஒரு மணி நேரத்தில் சார்ஜரை அந்த நாற்காலியின் கைப்பிடி அருகிலேயே வைத்துவிடுவது. எழும்போது கட்டிக்கொள்ள வேண்டும். பழகுவதற்கு மூன்று வாரம் ஆனது.

இன்னொரு குறையை வாங்குமுன் தெரிந்துகொள்ளுங்கள். கடிகாரம் தேடுவது மோதலின் அதிர்வை. சுவரைப் பிடித்தபடி மெல்லச் சரிந்து உட்கார்ந்துவிடுபவரையும், கட்டில் விளிம்பிலிருந்து வழுக்கி இறங்குபவரையும் அது தவறவிடக்கூடும். முதியவர்கள் பல நேரம் அப்படித்தான் விழுகிறார்கள்.

சுவரில் இருக்கும் சென்சார்

அணிய வேண்டியதே இல்லை என்பது இந்த வகையின் மொத்த பலம். மறதி நோய் உள்ளவருக்கு நான் வேறெதையும் பரிந்துரைக்கமாட்டேன்.

இதில் இரண்டு தினுசு. ஒன்று, உடல் வெப்பத்தின் அகச்சிவப்புக் கதிரை உணரும் அசைவு சென்சாரும், கதவு திறப்பதைச் சொல்லும் காந்தச் சென்சாரும். விலை குறைவு, படம் எடுக்காது. இது "விழுந்துவிட்டார்" என்று சொல்லாது. "வழக்கமாக ஆறரைக்குத் திறக்கும் சமையலறைக் கதவு இன்று எட்டாகியும் திறக்கவில்லை" என்றுதான் சொல்லும். ஆகவே இது உடனடி அலாரம் கிடையாது, சில மணி நேரம் தாமதமாகலாம். ஆனால் வேறெந்தக் கருவியும் காட்டாத ஒன்றை இது காட்டும். இரவில் இரண்டு முறை கழிப்பறைக்குப் போனவர் ஒரு வாரமாக ஐந்து முறை போகிறார் என்றால் சிறுநீர்த் தொற்றா, சர்க்கரை ஏறியிருக்கிறதா, புது மாத்திரையின் விளைவா என்று விழுவதற்கு முன்பே மருத்துவரைக் கேட்கலாம்.

இரண்டாவது ரேடார். 60 கிகாஹெர்ட்ஸ் அளவிலான மில்லிமீட்டர் அலைகளை அனுப்பி, திரும்பி வருவதை வைத்து ஆள் நிற்கிறாரா, தரையில் கிடக்கிறாரா என்று கணிக்கும். இருட்டிலும் வேலை செய்யும், முகமோ உடம்போ பதிவாகாது. அதனால் கேமரா வைக்கவே கூடாத குளியலறைக்கு இது சரியான பொருள். ஆனால் அறைக்கு ஒன்று வேண்டும், மின்சாரமும் வைஃபையும் வேண்டும். ஆடும் திரைச்சீலையும் வளர்ப்பு நாயும் சில மாதிரிகளைக் குழப்பும். வீடு முழுக்கப் பொருத்த வசதி இல்லையென்றால் குளியலறைக்கும் படுக்கையறைக்கும் மட்டும் போடுங்கள்.

கேமராவைப் பற்றி நீட்டிப் பேச எனக்கு மனமில்லை. தன் வீட்டில் தான் புடவை மாற்றுவதை மகன் பார்த்துவிடுவானோ என்று ஒரு தாய் அஞ்சி வாழ்வது சுதந்திரமான வாழ்க்கை ஆகாது. அவரே கேட்டால், அவர் கையால் மூடித் திறக்கும் மூடியோடு, வாசலிலோ கூடத்திலோ வைக்கலாம். அவருக்குத் தெரியாமல் வைப்பது தவறு, எவ்வளவு அன்பாக இருந்தாலும்.

விழுந்த பிறகு கூப்பிடும் கருவிகளைப் பற்றியே இவ்வளவு பேசுகிறோம். விழாமல் இருக்க உதவுபவை இவற்றைவிட மலிவு. வீட்டிலுள்ள இடறல்களைச் சீர்செய்வது விழுவதை 26 சதவீதம் குறைக்கிறது என்றும், ஏற்கெனவே விழும் ஆபத்து அதிகமுள்ளவர்களிடம் 38 சதவீதம் குறைக்கிறது என்றும் மருத்துவ ஆய்வுகளை ஒன்றுதிரட்டி அலசும் காக்ரேன் அமைப்பு 2023இல் வெளியிட்ட தொகுப்பு சொல்கிறது. கட்டிலிலிருந்து கால் தரையில் பட்டதும் தானாக எரியும் சிறு விளக்கு, கழிப்பறைச் சுவரில் கைப்பிடி, வழுக்காத தரைவிரிப்பு. முதல் பணத்தை இவற்றுக்குச் செலவிடுங்கள்.

வீட்டிலேயே உடல்நிலை பார்க்க: பட்டையா, கடிகாரமா?

இரத்த அழுத்தத்துக்கு மேல்கையில் கட்டும் பட்டை மெஷின்தான். இதில் எனக்குத் தயக்கமே இல்லை. மணிக்கட்டு மெஷினில் கை இதய மட்டத்தில் இல்லாவிட்டால் அளவு மாறிவிடும். பட்டையே இல்லாமல் அழுத்தம் காட்டும் கடிகாரத்தை நம்பி மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். மெஷின் எவ்வளவு முக்கியமோ, பட்டையின் அளவும் அவ்வளவு முக்கியம். பருத்த கையில் சிறிய பட்டை கட்டினால் அழுத்தம் கூடுதலாகக் காட்டும். ஐந்து நிமிடம் முதுகு சாய்த்து, கால் தரையில் பட உட்கார்ந்து, பேசாமல், காலையும் மாலையும் இரண்டிரண்டு முறை என ஒரு வாரம் எடுத்த குறிப்பு மருத்துவருக்கு உதவும். பதற்றத்தில் எடுத்த ஒற்றை அளவு உதவாது.

சர்க்கரைக்கு, இன்சுலின் போடும் பெரியவர் தனியாக இருந்தால் தோலில் ஒட்டும் சென்சார் விரல் குத்தலைவிட மேல். தூக்கத்தில் சர்க்கரை இறங்கினால் அது சத்தமிடும், மகளின் போனுக்கும் சொல்லும். சில நிமிடம் பின்தங்கிய அளவைத்தான் காட்டும் என்பதால், உடம்பு சொல்வதும் சென்சார் சொல்வதும் ஒத்துப்போகாதபோது விரலில் குத்திப் பார்க்க வேண்டும். தோலைத் துளைக்காமலே சர்க்கரை காட்டுவதாக விற்கும் கடிகாரம், மோதிரம் எதற்கும் அனுமதி தரவில்லை என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. அவற்றை வாங்காதீர்கள்.

விரல் நுனியில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் நம் போன்ற கருத்த தோலில் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும். கறுப்பின நோயாளிகளிடம் மறைந்திருக்கும் ஆக்ஸிஜன் குறைவை அது வெள்ளையரைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு தவறவிட்டதை 2020இல் ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. எண் 95 என்று இருந்தாலும், மூச்சு வாங்கினால் மூச்சைத்தான் நம்ப வேண்டும்.

மாத்திரைக்குக் கிழமை எழுதிய டப்பா பெரும்பாலோருக்குப் போதும். சாப்பிட்டோமா என்றே மறந்து இரண்டாம் முறை சாப்பிடுபவருக்கு மட்டும் நேரத்துக்கு ஓர் அறையைத் திறக்கும் பூட்டு டப்பா. போன் நினைவூட்டல் மூன்றாம் இடம்தான், சத்தத்தை நிறுத்திவிட்டு மறப்பது அவ்வளவு சுலபம்.

மறுமுனையில் யார்?

இதய செயலிழப்பு நோயாளிகளை வீட்டிலேயே கண்காணித்த இரண்டு பெரிய ஆய்வுகளை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். 2010இல் வெளியான அமெரிக்க ஆய்வில் 1,653 பேர். அவர்களில் பாதிப் பேர் தினமும் தானியங்கிக் குரலுக்குப் போன் செய்து, எடையையும் அறிகுறியையும் எண்களை அழுத்திச் சொல்ல வேண்டும். மற்றவர்களுக்கு வழக்கமான சிகிச்சை. இறப்போ மறுபடி மருத்துவமனையில் சேர்வதோ குறையவில்லை. போன் செய்ய வேண்டியவர்களில் ஏழில் ஒருவர் ஒரு முறைகூட அழைக்கவே இல்லை. 2018இல் வெளியான ஜெர்மன் ஆய்வில் 1,571 பேர். அவர்களில் ஏறத்தாழ பாதிப் பேரின் எடை, அழுத்தம், இசிஜி, ஆக்ஸிஜன் அளவுகள் தினமும் பெர்லின் ஷாரிட்டே மருத்துவமனைக்குப் போயின. அங்கே இருபத்துநாலு மணி நேரமும் மருத்துவரும் செவிலியரும் இருந்தார்கள். அளவு பிசகினால் அவர்களே கூப்பிட்டுப் பேசி மருந்தை மாற்றினார்கள். இதயக் கோளாறால் திடீரென மருத்துவமனையில் சேர்ந்ததாலோ இறப்பாலோ இழந்த நாட்கள், வழக்கமான சிகிச்சை பெற்றவர்களிடம் ஆண்டுக்கு 24.2, இப்படிக் கண்காணிக்கப்பட்டவர்களிடம் 17.8. இரண்டு ஆய்வுகளுக்கும் நோயாளிகள், காலம் எனப் பல வேறுபாடுகள் உண்டு. ஆனாலும் எனக்குக் கண்ணில் படுவது, போனை எடுத்துப் பேச அங்கே ஓர் ஆள் இருந்ததுதான்.

ஆகவே விற்பவரிடம் கருவியைப் பற்றிக் கேட்பதைவிட இதைக் கேளுங்கள்: இரவு மூன்று மணிக்கு அழுத்தினால் எடுப்பது யார், அவர் பெரியவரின் மொழியைப் பேசுவாரா, பிள்ளைகள் போனை எடுக்காவிட்டால் அடுத்து யாரை அழைப்பார்? வாங்கிய அன்றே, சொல்லாமல் ஒரு முறை அழுத்திப் பாருங்கள். நாங்கள் முதலில் எடுத்த ஒரு சேவையில் பதினொரு நிமிடம் காத்திருப்பு இசைதான் கேட்டது. மறுநாளே விலகினோம்.

இப்போது அத்தையிடம் மணிக்கட்டுப் பட்டை இருக்கிறது, குளியலறையில் ரேடார் இருக்கிறது. போன மாதம் சோதிப்பதற்காக அவரே தரையில் உட்கார்ந்து பார்த்தார். இரண்டே நிமிடத்தில் பக்கத்து வீட்டம்மாவுக்குப் போன் போனது, அவரும் ஓடி வந்தார். கதவு உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. வெளியிலிருந்து சாவியால் திறக்கும் பூட்டை மறுநாள் ஆள் வைத்து மாற்றினோம். ஒரு சாவி அந்தம்மாவிடம் இருக்கிறது. ராத்திரியில் தாழ்ப்பாள் போடாமல் படுக்க அத்தைக்கு இன்னும் மனம் ஒப்பவில்லை. தினமும் ஒன்பது மணிக்குப் போன் செய்து அதைத்தான் கேட்கிறேன்.