சார்ட், பட்டை, கிராஃப், கட்டம்: நர்ஸ்களுக்கு லேப் ரிப்போர்ட் கற்றுக்கொடுக்க எது உதவுகிறது?

புதிதாகச் சேரும் ஸ்டாஃப் நர்ஸ்களுக்கு லேப் ரிப்போர்ட் பார்க்கக் கற்றுக்கொடுப்பது என் வேலை. இத்தனை வருடத்தில் நான்கு விதமான படங்களை வைத்துக் கற்றுக்கொடுத்துப் பார்த்துவிட்டேன். நான்கையும் நான் ஒரே கேள்வியை வைத்துத்தான் அளக்கிறேன்: இதைப் பார்த்த நர்ஸுக்கு அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று தெரிகிறதா?

முதலில், எல்லா வார்டிலும் மாட்டியிருக்கும் நார்மல் வேல்யூ சார்ட். ஹீமோகுளோபினில் ஆரம்பித்து யூரியா, கிரியாட்டினின், சோடியம், பொட்டாசியம் என்று முப்பது நாற்பது வரி ஓடும், எல்லாம் ஒரே அளவு எழுத்தில். சோடியம் 135 முதல் 145, பொட்டாசியம் 3.5 முதல் 5.0. இப்போது ஒரு ரிப்போர்ட்டில் சோடியம் 148, பொட்டாசியம் 6.8 என்று வருகிறது. சார்ட்டோடு ஒப்பிட்டால் சோடியம் 3 கூட, பொட்டாசியம் 1.8தான் கூட. ரிப்போர்ட்டிலும் இரண்டுக்கும் பக்கத்தில் அதே 'ஹை' குறிதான். சோடியத்தை நிதானமாகப் பார்க்கலாம், பொட்டாசியம் இதயத்தை நிறுத்திவிடக்கூடியது. இந்த வித்தியாசத்துக்கு அந்தச் சார்ட்டில் இடமே இல்லை.

முன்பு நான் வேலை பார்த்த ஒரு மருத்துவமனையில் இது நடந்தது. சிறுநீரகக் கோளாறுள்ள ஒருவருக்கு ராத்திரி 2 மணிக்கு பொட்டாசியம் 6.8 என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. நைட் டியூட்டியில் இருந்த பெண் சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை, சுவர்ச் சார்ட்டைப் பார்த்துவிட்டு ரிப்போர்ட்டை கேஸ் ஷீட்டில் வைத்துவிட்டாள். காலை ஹேண்டோவரில் நான் கேட்டபோது, "ஹைன்னு பார்த்தேன் மேடம், ரவுண்ட்ஸ்ல சொல்லலாம்னு வெச்சிருந்தேன்" என்றாள். இசிஜி எடுத்தோம், டி அலைகள் கூர்கூராக உயர்ந்து நின்றன, பொட்டாசியம் இதயத்தைத் தாக்குவதன் அடையாளம். உடனே மருந்து கொடுத்து டயாலிசிஸுக்கு அனுப்பினோம், ஆள் பிழைத்தார். அந்தப் பெண்ணைக் கூப்பிட்டுத் திட்டினார்கள். எனக்கு இன்றும் மனசு கேட்கவில்லை, ஏனென்றால் அவள் சார்ட் சொன்னதைச் சரியாகத்தான் படித்திருந்தாள், சொல்ல வேண்டியதை நாங்கள் சார்ட்டில் எழுதவில்லை.

அதற்கப்புறம்தான் பட்டைக்கு மாறினேன். ஒவ்வொரு டெஸ்ட்டுக்கும் ஒரு கிடைமட்டப் பட்டை: நடுவில் நார்மல், இரண்டு பக்கமும் கவனிக்க வேண்டிய பகுதி, இரண்டு ஓரத்திலும் ஆபத்துப் பகுதி. ஒவ்வொரு டெஸ்ட்டுக்கும் தனி அளவுகோல் என்பதால் 148 நார்மலை ஒட்டியும் 6.8 ஓரத்திலும் போய் விழும். கணக்கே போட வேண்டாம், கண்ணே சொல்லிவிடும். ஓரம் எந்த எண்ணில் ஆரம்பிக்கிறது என்பதை மட்டும் புத்தகத்திலிருந்து எடுக்காதீர்கள். உங்கள் லேப் எந்த எண்ணுக்கு போன் செய்து சொல்கிறதோ அதைப் போடுங்கள், லேபுக்கு லேப் மாறும். யூனிட்டும் அப்படித்தான். ஒரு லேப் பிளேட்லெட்டை 1.5 லட்சம் என்று போடும், இன்னொன்று 150 என்று போட்டுப் பக்கத்தில் ஆயிரம் என்று குறிக்கும்.

பட்டையில் நான் செய்த தப்பு, நிறத்தை மட்டும் நம்பியது. பச்சை, மஞ்சள், சிவப்பு என்று அழகாக அடித்து லேமினேட் செய்தேன். மற்ற வார்டுக்காரர்கள் அதைக் கறுப்பு வெள்ளையில் ஜெராக்ஸ் எடுத்து ஒட்டினார்கள், மூன்றும் ஒரே சாம்பலாகிவிட்டது. சிவப்பு பச்சை பிரித்தறிய முடியாத ஆட்களும் உண்டு, ஆண்களில் அது கூடுதல், இப்போது ஆண் நர்ஸ்கள் நிறையப் பேர் வருகிறார்கள். அதனால் ஆபத்துப் பகுதிக்குக் கனமான சாய்கோடு போட்டேன். அதன் மேலேயே, பொட்டாசியம் என்றால், "டியூட்டி டாக்டருக்கு உடனே போன், இசிஜி எடு, கேசிஎல் (பொட்டாசியம் கலந்த டிரிப்) ஓடினால் டாக்டரிடம் சொல்" என்று தமிழில் எழுதினேன். டெஸ்ட் பெயர் மட்டும் ரிப்போர்ட்டில் உள்ளபடியே.

அதே பட்டையின் மூலையில் ஒரு சின்ன ட்யூப் படமும் வைத்தேன். டிரிப் ஓடுகிற கையில் ரத்தம் எடுத்தார்களா, சாம்பிளில் சிவப்பணு உடைந்து ஹீமோலைஸ் ஆனதா, ஊதா மூடி ட்யூபிலிருந்து ரத்தத்தை வேறு ட்யூபுக்கு மாற்றினார்களா என்று மூன்று கேள்வி. ஊதா மூடி ட்யூபில் ரத்தம் உறையாமல் இருக்கப் போடுகிற இடிடிஏ ஒரு பொட்டாசிய உப்பு. அது கலந்தால் பொட்டாசியம் எகிறும், கால்சியம் சரியும், நோயாளிக்கு ஒன்றும் இருக்காது. ஆனால் மறு சாம்பிள் வரட்டும் என்று போனைத் தள்ளிப்போடக் கூடாது, அதையும் எழுதியிருக்கிறேன்.

சரி, பட்டை எல்லாவற்றுக்கும் போதுமா என்றால், டெங்கு வார்டில் போதாது. பெண்களுக்கு பிசிவி, அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்களின் சதவீதம், நார்மல் சுமார் 36 முதல் 46. ஒரு பெண்ணுக்கு சேர்ந்த அன்று 36, மூன்றாம் நாள் 44. பட்டையில் இரண்டுமே நார்மல் பகுதிக்குள் விழும். ஆனால் 36லிருந்து 44 என்பது 22 சதவீத ஏற்றம், 20 சதவீதம் ஏறினாலே பிளாஸ்மா, அதாவது ரத்தத்தின் நீர்ப்பகுதி, குழாயை விட்டுக் கசிகிறது என்று எடுத்துக்கொள்வார்கள். இங்கே ஒற்றை எண் ஏமாற்றும், கிராஃப்தான் காப்பாற்றும். காய்ச்சல், பிசிவி, பிளேட்லெட் மூன்றையும் ஒரே தாளில் ஒன்றன் கீழ் ஒன்றாக மூன்று தனி கிராஃபாக, நாள் கோடு மட்டும் பொதுவாக வரைந்தேன். ஒரே கட்டத்தில் இரண்டு அளவுகோல் போட்டுப் பார்த்தபோது எந்தக் கோடு எதற்கு என்று பிள்ளைகள் குழம்பினார்கள். மூன்றாகப் பிரித்ததும், காய்ச்சல் இறங்குகிற அதே நாளில் பிசிவி ஏறுவதையும் பிளேட்லெட் விழுவதையும் ஒரே பார்வையில் பார்த்தார்கள். காய்ச்சல் விட்டதும் "வீட்டுக்குப் போகலாமா சிஸ்டர்?" என்று சொந்தக்காரர்கள் கேட்கிற நாள் அது. இந்தத் தாளைக் காட்டியே அவர்களுக்கும் புரியவைக்கலாம்.

கிராஃபுக்கு உழைப்பு அதிகம், ஒவ்வொரு ஷிஃப்டிலும் யாராவது புள்ளி வைத்தாக வேண்டும். தப்பாகப் படிக்கவும் வழி இருக்கிறது. பிசிவி இறங்கினால் தேறுகிறார் என்று நினைத்துவிடுவார்கள். நாடி வேகமாக ஓடி பிரஷர் விழும்போது பிசிவி இறங்கினால் உள்ளே ரத்தக்கசிவாக இருக்கலாம். அதனால் தாளின் அடியில் நாடிக்கும் பிரஷருக்கும் ஒரு வரி விட்டிருக்கிறேன்.

ஏபிஜிக்கு, அதாவது தமனி ரத்தத்தில் வாயு, அமில அளவு பார்க்கிற டெஸ்ட்டுக்கு, அம்புக்குறிப் படம் நிறைய இடத்தில் ஒட்டியிருக்கிறார்கள், இருபது பெட்டி, ஆமாம் இல்லை என்று கிளை கிளையாக. ஐசியூ நெருக்கடியில் அதை யாரும் படித்து நான் பார்த்ததில்லை. அமிலம், நார்மல், காரம் என்று மூன்று கட்டம் போதும். பிஎச் 7.28, கார்பன் டை ஆக்சைடு 60, பைகார்பனேட் 27 என்றால் பிஎச் அமிலக் கட்டத்தில், கார்பன் டை ஆக்சைடும் அதே கட்டத்தில், பைகார்பனேட் காரப் பக்கம். பிஎச்சோடு யார் உட்கார்ந்திருக்கிறாரோ அவர்தான் காரணம், இங்கே கார்பன் டை ஆக்சைடு, அதாவது நுரையீரல். கார்பன் டை ஆக்சைடு கூடினால் அமிலம், பைகார்பனேட் கூடினால் காரம், இங்கேதான் எல்லோரும் வழுக்குவார்கள், அதைக் கட்டத்தின் தலையிலேயே அச்சடித்துவிடுங்கள். இரண்டுமே அமிலக் கட்டத்தில் விழுந்தால் யோசித்துக்கொண்டு நிற்காமல் டாக்டரைக் கூப்பிட வேண்டும்.

வீடியோ, ஆப் எல்லாம் வகுப்புக்குச் சரி. படுக்கைப் பக்கத்தில் கையில் போன் இருக்காது.

ஒன்றுதான் செய்ய நேரமிருக்கிறது என்றால் பட்டையைச் செய்யுங்கள், அதுவும் பொட்டாசியம், சோடியம், சர்க்கரை, ஹீமோகுளோபின், பிளேட்லெட் ஐந்துக்கு மட்டும். பழைய சார்ட்டைக் கிழிக்க வேண்டாம், சந்தேகம் பார்க்க இருக்கட்டும். செய்து முடித்ததும் ஒரு புது நர்ஸிடம் ரிப்போர்ட்டையும் பட்டையையும் பத்து வினாடி காட்டி, "இப்போது என்ன செய்வாய்?" என்று கேளுங்கள். "ஹை மேடம்" என்று மட்டும் பதில் வந்தால் பட்டையைத்தான் திருத்த வேண்டும். நான் நான்கு தடவை திருத்தினேன்.

இப்போது எங்கள் வார்டில் அது நர்சிங் ஸ்டேஷன் போனுக்குப் பக்கத்தில் இருக்கிறது, லேபிலிருந்து எண் வருவது அந்த போனில்தான். அடியில் நான்கு கோடு விட்டிருக்கிறோம்: எண், நேரம், லேபில் சொன்னவர் பெயர், திருப்பிப் படித்துச் சரிபார்த்தது யார்.